வெப்ப விண்மீன்களின் எக்ஸ்-கதிர்கள்: ஒரு விளக்கம் உருவான வரலாறு

1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் விண்ணுக்கு அனுப்பப்பட்ட ஐன்ஸ்டைன் ஆய்வுச் செய்மதி, கருவிகளைச் சரிபார்க்கும் பொருட்டு, சிக்னஸ் எக்ஸ்-3 எனும் அறியப்பட்ட எக்ஸ்-கதிர் மூலத்தை நோக்கித் திருப்பப்பட்டது. பெறப்பட்ட படத்தில் அம்மூலத்தோடு, எவரும் தேடிச் செல்லாத சில புள்ளிகளும் காணப்பட்டன. அவை ஓ வகையைச் சேர்ந்த வெப்ப விண்மீன்கள் என்பது தெரியவந்தபோது வான்பௌதிகவியலில் ஒரு வழக்குத் தொடங்கிற்று எனலாம்.

இவ்விண்மீன்களின் மேற்பரப்பு வெப்பநிலை 30,000 முதல் 50,000 கெல்வின் வரையிலானது. அத்தகைய மேற்பரப்பு ஊதாக்கடந்த கதிர்களைச் சொரியுமேயன்றி எக்ஸ்-கதிர்களை வெளிவிடாது. எக்ஸ்-கதிருக்குப் பல மில்லியன் கெல்வின் வேண்டும். விண்மீன் வெளிவிடும் மொத்தச் சக்தியில் ஏறத்தாழக் கோடியில் ஒரு பங்கே எக்ஸ்-கதிராக வருகின்றது. பங்கு சிறிதே, ஆயினும் அது எங்கிருந்து வருகின்றது?

இவ்வினாவுக்கு விடைகாண முற்பட்டோர் கையில் ஏற்கெனவே இரு செய்திகள் இருந்தன. ஓரயன் உடுத்தொகுதியின் பிரகாசமான விண்மீன்களை 1965இல் ரொக்கற் மூலம் ஆராய்ந்த டொனால்ட் மோட்டன், அவற்றினின்றும் செக்கனுக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வாயு வெளியேறுவதை நிறமாலைக் கோடுகளிற் கண்டார். இவ்விண்மீன் காற்றைத் தள்ளுவது ஒளியே என்பதை 1970இல் லூசியும் சொலமனும், 1975இல் காஸ்டர், அபொட், கிளைன் ஆகியோரும் நிறுவினர்: அயன்கள் ஒளியை உறிஞ்சும்போது அதன் உந்தத்தையும் பெறுகின்றன. சீற்றா பப்பிஸ் என்ற விண்மீன் இவ்வாறு இழக்கும் பொருள், சூரியன் இழப்பதிலும் ஏறத்தாழப் பத்துக் கோடி மடங்காகும். இரண்டாவது செய்தி, 1972இல் ஏவப்பட்ட கொப்பர்னிக்கஸ் செய்மதி அக்காற்றில் ஐந்து இலத்திரன்களை இழந்த ஒட்சிசனைக் கண்டமை. மேற்பரப்பின் வெப்பம் இதற்குப் போதாது.

சூரியனுக்கு ஒளிவட்டம் உண்டு. ஆகவே இவற்றுக்கும் அடியில் மெல்லிய ஒளிவட்டம் இருக்கலாமெனக் காசினெல்லியும் ஒல்சனும் கருதினர். இது இயல்பான ஒப்புமையே, எனினும் வலுவற்றது. சூரிய ஒளிவட்டத்துக்கு மூலமான காந்தப்புலம் மேற்காவுகைப் படையின் கொந்தளிப்பிலிருந்து பிறப்பது. வெப்ப விண்மீன்களின் வெளிப்பகுதியில் அத்தகைய படை இல்லை. ஒப்புமையை வீழ்த்தியதோ நேரடியான அவதானமே. எக்ஸ்-கதிர்கள் அடியிலிருந்து புறப்பட்டிருப்பின் மேலேயுள்ள அடர்ந்த காற்று அவற்றுள் மென்கதிர்களை விழுங்கியிருக்கவேண்டும். அவ்வளவு விழுங்கப்படவில்லை என்பது 1983 அளவில் தெளிவாயிற்று.

ஆகவே மூலம் காற்றிலேயே இருத்தல் வேண்டும். லூசியும் வைற்றும் 1980இற் கூறிய கருத்து இதற்குப் பொருந்திற்று. ஒளியால் தள்ளப்படும் காற்று உறுதியற்றது. வாயுவின் ஒரு பகுதி சற்று விரைந்தால், பின்னாலுள்ள வாயுவின் நிழலினின்று விலகிப் புதிய ஒளியைப் பெறும், மேலும் விரையும், முன்னுள்ளதை மோதும். அம்மோதல் அலைகளில் வாயு சில மில்லியன் கெல்வினை எட்டும். ஒவொக்கி முதலானோர் 1988இல் கணினி வழியே இதனைக் கணித்துக் காட்டினர்.

வழக்கு முடிந்தது போலத் தோன்றிற்று. ஆனால் திருவாதிரை அமைந்துள்ள அதே ஓரயன் தொகுதியின் பெருநெபுலாவினுள் தீற்றா-1 ஓரயனிஸ் சி என்றொரு விண்மீன் உண்டு. அதன் எக்ஸ்-கதிர் அளவுக்கு மீறி வலிது. அதனிலும் விசித்திரம், 15.4 நாட்களுக்கொருமுறை ஒழுங்காகக் கூடிக் குறைந்தது. கண்டபடி நிகழும் மோதல்கள் நாட்காட்டி பார்த்து நிகழா. சுழலும் விண்மீனோடு பிணைந்த ஏதோவொன்று காற்றை ஆளுகின்றது.

விண்மீன்களுக்குக் காந்தப்புலம் உண்டென்பது புதிதன்று. 1947இலேயே பாப்கொக் அதனை அளந்து வெளியிட்டிருந்தார். சிக்மா ஓரயனிஸ் ஈ என்ற வெப்ப விண்மீனில் 1978இல் வலிய புலம் காணப்பட்டது. 1997இல் பாபெலும் மொன்மேளும் இதனைத் தீற்றா-1 சி மீது பொருத்தினர். இருமுனைவுப் புலத்தின் விசைக்கோடுகள் இரு அரைக்கோளங்களின் காற்றையும் காந்த மத்திய கோட்டை நோக்கி வழிநடத்தும். இரண்டும் அங்கு நேருக்கு நேர் மோதும். முன் கூறிய மோதலில் வேக வேறுபாடு செக்கனுக்குச் சில நூறு கிலோமீற்றர். இங்கோ காற்றின் முழுவேகமுமே நிறுத்தப்படுகின்றது. அதனால் வெப்பநிலை கோடிக்கணக்கில் உயரும். சில நூறு காவுஸ் புலம் போதுமென அவர்கள் கணித்தனர்.

இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது யாதெனில், அப்புலத்தை அதுவரை எவரும் கண்டதில்லை. ஓ வகை விண்மீன்களின் நிறமாலைக் கோடுகள் சிலவே, அவையும் அகன்றவை. காந்தத்தாற் கோடு பிரிவதை அவற்றிற் காண்பது அரிது. ஐந்தாண்டுகளின் பின், 2002இல், டொனாட்டி குழுவினர் ஒளியின் முனைவாக்கத்தை அளந்து புலத்தைக் கண்டனர்: ஏறத்தாழ 1,100 காவுஸ். கணிப்பிலும் மிகுதி, ஆயினும் கருத்து நிலைபெற்றது. சந்திரா செய்மதியின் அவதானங்களை 2005இல் வெளியிட்ட ஆய்வு, வாயு மூன்று கோடி கெல்வின் அளவில் இருப்பதையும், கோடுகள் ஒடுங்கியிருப்பதையும், மூலம் விண்மீனுக்கு அண்மையில் அமைந்திருப்பதையும் காட்டிற்று. சீற்றா பப்பிஸில் இதே செய்மதி கண்ட கோடுகள் அகன்றவை, நீலப்பக்கம் சாய்ந்தவை. விரைந்தோடும் காற்றின் அடையாளம் அது. இரு விண்மீன்களும் எக்ஸ்-கதிர் வீசுகின்றன, காரணங்கள் வேறு.

காந்தம் கொண்டவை ஓ வகை விண்மீன்களுள் நூற்றுக்கு ஏழளவே. மேற்காவுகைப் படையின்றி அவற்றுக்குப் புலம் வந்த வகை இன்னும் ஆராயப்படுகின்றது. கேட்டைக்கு அருகிலுள்ள டௌ ஸ்கோர்ப்பியையில் 2006இற் கண்ட சிக்கலான புலத்தை, இரு விண்மீன்கள் ஒன்றாய்க் கலந்ததன் விளைவாக 2019ஆம் ஆண்டுக் கணிப்பொன்று விளக்குகின்றது. அவ்விண்மீன் தன் கூட்டத்தினரிலும் இளையதாகத் தோன்றுவதற்கும் அதுவே காரணமாகக் கூறப்படுகின்றது.