மெயினை அணைத்தாலும் மின்சாரம் நிற்காத அறை

ஹட்டன், டிக்கோயா பகுதிகளில் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் மரம் விழுந்து மின்கம்பி அறுவது வழமை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு அமுலானதையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் வங்கிக் கிளை, வைத்தியசாலை, பெரிய அலுவலகம் என சேர்வர் வைத்திருக்கும் இடங்களுக்கு யூபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் தேவைப்படுகின்றன. ஆனால் தீப்பிடிக்கும்போது இதே ஏற்பாடுதான் சிக்கலாகிறது.

வீட்டில் வயர் கருகும் மணம் வந்தால் மெயின் சுவிட்சை அணைக்கிறோம். சேர்வர் அறையில் அதைச் செய்தால், யூபிஎஸ் அதை இன்னொரு மின்தடையாகவே எடுத்துக்கொண்டு பற்றரியிலிருந்து மின்சாரம் கொடுக்கும். தானியங்கி ஜெனரேட்டராக இருந்தால் சற்று நேரத்தில் அதுவும் இயங்கத் தொடங்கும். மெயின் அணைந்துவிட்டதென நம்பித் தண்ணீர்க் குழாயுடன் உள்ளே போகிறவரின் நிலை என்ன?

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது இதுதான் நடந்தது. கட்டடத்துக்கு வெளியிலிருந்து மின்சாரத்தைத் துண்டிக்க வழி இருக்கவில்லை. மின்னறைக் கதவருகே ஒரு மீற்றருக்கும் அதிக நீளமான மின்பொறிகளைக் கண்டதாகத் தீயணைப்புத் துறையின் அறிக்கை சொல்கிறது. முழுமையாகத் துண்டிக்க ஏறத்தாழ மூன்று மணிநேரம் பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் ஒரு கட்டடம் முற்றாக அழிந்தது, இலட்சக்கணக்கான இணையத்தளங்கள் முடங்கின.

அமெரிக்க மின்சார விதிக்கோவையின் 645ஆம் பிரிவு இதைத்தான் கையாள்கிறது. சேர்வர்களுக்கும் அந்த அறைக்கான குளிரூட்டிக்கும் அவசரத் துண்டிப்பு வேண்டும். அது தீயணைப்பாளர் எளிதில் அணுகக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். யூபிஎஸ்ஸையும் அதன் பற்றரியையும் சேர்த்தே துண்டிக்க வேண்டும். இப்பிரிவு எல்லா சேர்வர் அறைக்கும் கட்டாயமல்ல. உயர்த்திய தரைக்கு அடியில் கம்பி கொண்டுசெல்வது போன்ற அதன் சலுகைகளைப் பயன்படுத்துவோருக்கே பொருந்தும்.

இலங்கையில் வயரிங் வேலைகளுக்குப் பின்பற்றப்படும் பிரித்தானியாவின் பிஎஸ் 7671, எந்த இடத்துக்குமான அவசர சுவிட்ச் எப்படி இருக்க வேண்டுமெனப் பொதுவாகச் சொல்கிறது. எளிதில் எட்ட வேண்டும், தெளிவாக அடையாளம் தெரிய வேண்டும். சிவப்பு நிறம் விரும்பத்தக்கது. அழுத்திய நிலையிலேயே நிற்க வேண்டும். விடுவித்தவுடன் மின்சாரம் தானாகத் திரும்பி வரக்கூடாது. பிளக்கை இழுத்துவிடலாம் என்ற சமாளிப்பை அது ஏற்பதில்லை.

தொழில்நுட்பவியலாளர் பலருக்கு இந்தச் சிவப்புப் பொத்தானைப் பிடிக்காது. பயம் நியாயமானதே. 2017 மே மாதம் லண்டனில் ஒரு தரவு மையத்தின் மின்சாரம் தவறுதலாகத் துண்டிக்கப்பட்டு, ஒழுங்கின்றி மீண்டும் கொடுக்கப்பட்டதில் கருவிகள் பழுதாகி, பிரிட்டிஷ் எயார்வேஸின் சுமார் 75,000 பயணிகள் தவித்தனர். அதற்காகப் பொத்தானே வைக்காமல் விடுவது தீர்வல்ல. மேலே தூக்கித் திறக்கும் மூடி போட்டு, "சேர்வர் அறை அவசரத் துண்டிப்பு" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டினால் போதும். லைட் சுவிட்ச் என்றோ, கதவு திறக்கும் பொத்தான் என்றோ எண்ணி யாரும் கைவைக்க மாட்டார்கள்.

சின்ன அலுவலகத்துக்கும் இது பெரிய செலவல்ல. யூபிஎஸ்கள் பலவற்றின் பின்புறம் அவசரத் துண்டிப்புக்கான இணைப்பு ஏற்கெனவே இருக்கும். தகுதிபெற்ற மின்னியலாளர் அதிலிருந்து வயர் இழுத்து அறைக்கு வெளியே பொத்தானைப் பொருத்தலாம். ஜெனரேட்டரையும் அதே பொத்தானின் கீழ் கொண்டுவரச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்திய பிறகும் பற்றரிகளின் முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அவை எந்த மூலையில் உள்ளன என்பதைக் கதவின் வெளிப்புறத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.