டி.ஓ. என்றால் டாக்டரா?

அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் சில டாக்டர்களின் பெயருக்குப் பின்னால் எம்.டி. என்று இருக்காது, டி.ஓ. என்று இருக்கும். (அங்கே எம்.டி. என்பது நம்மூர் போல மேற்படிப்பு அல்ல, அடிப்படை மருத்துவப் பட்டமே அதுதான்.) இந்த டி.ஓ.க்களும் மருந்து எழுதுகிறார்கள், அறுவை சிகிச்சை செய்கிறார்கள், பிரசவம் பார்க்கிறார்கள். ஆனால் இதே இரண்டு எழுத்தை லண்டனிலோ பாரிஸிலோ ஒருவர் போட்டுக் கொண்டால், அவர் முதுகுவலிக்கும் கழுத்துவலிக்கும் கையால் சிகிச்சை தருபவர், டாக்டர் அல்ல. ஒரே படிப்பு எப்படி இரண்டாகப் பிரிந்தது? ஆஸ்டியோபதி படிக்க வெளிநாடு போக நினைக்கும் மாணவர் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் தெரிந்து கொள்ள வேண்டிய கதை இது.

கதை தொடங்குவது அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவரின் மூன்று குழந்தைகள் 1864-ல் மூளைக்காய்ச்சலில் இறந்து போனார்கள். அன்றைய மருந்துகள் ஒன்றும் உதவவில்லை. உண்மையில் அந்தக் காலத்து மருந்துகள் பல நோயை விட மோசம், பாதரசக் கலவையைக் கூட மருந்தென்று கொடுத்தார்கள். ஸ்டிலுக்கு மருந்து மீதிருந்த நம்பிக்கையே போய்விட்டது. எலும்பும் தசையும் சரியான இடத்தில் இருந்து ரத்த ஓட்டம் தடைபடாமல் இருந்தால் உடல் தன்னைத்தானே சரி செய்து கொள்ளும் என்று 1874-ல் அறிவித்தார். அதுதான் ஆஸ்டியோபதி. நம்மூர் புத்தூர் கட்டு மாதிரி முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடுவது அல்ல, எல்லா நோய்க்கும் எலும்பு வழியாக வைத்தியம் என்பது அவர் கட்சி. இன்றைய அறிவியல் அதை அப்படியே ஏற்பதில்லை. ஆனாலும் தேவையில்லாத மருந்தைக் கொடுக்காமல் இருந்ததே அன்றைக்குப் பெரிய வைத்தியம்!

1892-ல் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் ஸ்டில் தன் பள்ளியைத் தொடங்கினார். முதல் வகுப்பில் இருபது பேர் அளவில்தான், அதில் பெண்களும் உண்டு. அங்கே உடற்கூறியல் பாடம் நடத்தியவர் உள்ளூர்க்காரர் அல்ல. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மருத்துவம் படித்த வில்லியம் ஸ்மித். நீங்கள் உடற்கூறியல் சொல்லிக் கொடுங்கள், நான் ஆஸ்டியோபதி சொல்லித் தருகிறேன் என்பது ஸ்டிலுக்கும் அவருக்கும் ஒப்பந்தம். பண்டமாற்று வியாபாரம்தான். அந்தப் பள்ளி 1893-ல் கொடுத்த முதல் சான்றிதழே ஸ்மித்துக்குத்தான். ஆக, வெளிநாட்டிலிருந்து வந்து ஆஸ்டியோபதி படிப்பது அந்தப் படிப்பு பிறந்த அன்றே தொடங்கிவிட்டது.

இரண்டாவது ஸ்காட்லாந்துக்காரர்தான் இந்தக் கதையின் முக்கியப் புள்ளி. ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான், கிளாஸ்கோவில் படித்தவர். 1897-ல் தொண்டைக் கோளாறுக்காக நோயாளியாக ஸ்டிலிடம் வந்தார், மாணவராகச் சேர்ந்தார், படித்துக் கொண்டே பாடமும் நடத்தினார், கடைசியில் அந்தப் பள்ளியின் டீனாகவே ஆகிவிட்டார். ஆனால் ஸ்டிலுக்கும் அவருக்கும் ஒத்துப் போகவில்லை. ஸ்டிலுக்கு உடற்கூறியல்தான் எல்லாம். லிட்டில்ஜானோ உடலியங்கியல்தான் அடிப்படை, பாடத்திட்டம் விரிய வேண்டும் என்றார். 1900-ல் பிரிந்து போய் சிகாகோவில் தனிக் கல்லூரி தொடங்கினார். 1913-ல் பிரிட்டன் திரும்பி, 1917-ல் லண்டனில் பிரிட்டிஷ் ஆஸ்டியோபதி பள்ளியைத் தொடங்கினார்.

பாதை பிரிந்தது இங்கேதான். பிரிந்ததற்குக் காரணம் மருத்துவம் அல்ல, சட்டம்.

அமெரிக்காவில் மருத்துவ உரிமம் தருவது மாநில அரசு. உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்தால் வழக்கு வரும். அதனால் ஆஸ்டியோபதிக்காரர்கள் ஒவ்வொரு மாநில சட்டசபையின் கதவையும் தட்ட வேண்டியிருந்தது. முதலில் வெர்மான்ட் 1896-ல் அனுமதித்தது, அடுத்த ஆண்டு மிசௌரி. முழு உரிமம் வேண்டுமா, டாக்டர்களுக்குச் சமமாகப் படித்துக் காட்டுங்கள் என்று மாநிலங்கள் நெருக்கின. 1910-ல் வெளிவந்த பிளெக்ஸ்னர் அறிக்கையும் அவர்கள் கல்லூரிகளைக் கிழித்துத் தொங்கவிட்டது. வேறு வழியில்லாமல் பாடத்திட்டம் விரிந்தது. மருந்தே கூடாது என்று தொடங்கிய படிப்பில் 1929-ல் மருந்தியலும் அதிகாரபூர்வமாக நுழைந்தது.

பிரிட்டனில் இந்த நெருக்கடி இல்லை. தன்னைப் பதிவு பெற்ற டாக்டர் என்று சொல்லிக் கொள்ளாதவரை யார் வேண்டுமானாலும் உடம்பைப் பிடித்து வைத்தியம் பார்க்கலாம். வசதிதான்! ஆனால் பாடத்திட்டத்தை உயர்த்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சட்ட அங்கீகாரம் கேட்டு வந்த மசோதாவை 1935-ல் பிரபுக்கள் சபையின் குழு ஒன்று விசாரித்தது. லிட்டில்ஜானைக் கூண்டில் ஏற்றாத குறையாகக் குடைந்தார்கள். பள்ளியின் தரத்தையும் நேர்மையையும் குழு கடுமையாகச் சாடியது, மசோதா வாபஸ் ஆனது. மறுபடி சட்டம் வர 1993 ஆயிற்று. கிர்க்ஸ்வில்லில் பாடத்திட்டம் விரிய வேண்டும் என்று சண்டை போட்டவரின் லண்டன் பள்ளிதான் மருந்தில்லாத கைவைத்தியமாக நின்று போனது என்பது விசித்திரம்.

அமெரிக்காவிலும் பாதை ஒன்றும் பூப்போட்டு இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ராணுவம் டி.ஓ.க்களை டாக்டர்களாக எடுத்துக் கொள்ளவில்லை. எம்.டி.க்கள் போர்முனைக்குப் போய்விட, ஊரில் இருந்த நோயாளிகள் டி.ஓ.க்களிடம் வந்தார்கள். புறக்கணிப்பே விளம்பரம் ஆகிப் போனது. 1962-ல் கலிபோர்னியாவில் இன்னொரு வேடிக்கை. அங்கிருந்த ஆஸ்டியோபதி கல்லூரியை எம்.டி. கல்லூரியாக மாற்றி, 65 டாலர் கட்டினால் டி.ஓ.வுக்குப் பதில் எம்.டி. என்று போட்டுக் கொள்ளலாம் என்றார்கள். சுமார் 2000 பேர் மாறினார்கள். போட்டி நிறுவனத்தை விலைக்கு வாங்கி பிராண்டையே ஒழித்துவிடுவது என்று வணிகவியலில் படிப்போமே, அதேதான். ஆனால் அதுவரை இவர்கள் தரமற்றவர்கள் என்றவர்கள் 65 டாலரில் சமம் என்று ஒப்புக் கொண்டதாகவும் ஆகிவிட்டது அல்லவா? மற்ற மாநில டி.ஓ.க்கள் அதையே வாதமாக்கினார்கள். 1966-ல் ராணுவம் கதவைத் திறந்தது. 1973-ல் மிஸிஸிப்பியோடு 50 மாநிலங்களிலும் முழு உரிமம் கிடைத்தது. அடுத்த ஆண்டே கலிபோர்னியா உச்ச நீதிமன்றமும் டி.ஓ. உரிமத்தை மீட்டுத் தந்தது.

இன்று அமெரிக்காவில் 40-க்கும் மேற்பட்ட ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அந்நாட்டு மருத்துவ மாணவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல் அவற்றில் படிக்கிறார்கள். ஸ்டிலின் கைவைத்தியம் பாடத்தில் இருக்கிறது, ஆனால் வேலைக்கு வந்தபின் பெரும்பாலானோர் அதை அதிகம் தொடுவதில்லை. வெளிநாட்டு மாணவருக்குச் சிக்கல் வேறு. முதலில் ஒரு இளநிலைப் பட்டம், பிறகு எம்கேட் நுழைவுத் தேர்வு, நாலு ஆண்டுப் படிப்பு, அதன் மேல் குறைந்தது மூன்று ஆண்டு ரெசிடென்சி. பல கல்லூரிகள் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவர்களை மட்டுமே சேர்க்கின்றன. சேர்க்கும் கல்லூரிகளிலும் அமெரிக்க அரசின் கல்விக்கடன் வெளிநாட்டவருக்குக் கிடையாது. பெரும்பாலான தனியார் கல்லூரிகளில் கல்விக் கட்டணமே ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டும்.

பிரிட்டனிலோ பள்ளிப் படிப்பு முடித்ததும் நாலைந்து ஆண்டில் ஆஸ்டியோபதி பட்டம் வாங்கி விடலாம், செலவும் குறைவு. ஆனால் அந்தப் பட்டத்தோடு அமெரிக்கா போய் டாக்டர் ஆக முடியாது. அமெரிக்க டி.ஓ. கல்லூரி ஒன்றில் முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எதிர்த்திசையில் போனால் நிலைமை இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்க டி.ஓ.க்கள் முழு டாக்டர்களாகப் பதிவு செய்யலாம் என்று பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில் 2005-ல் ஏற்றுக் கொண்டது. அவர் லண்டனில் மருந்து எழுதலாம், ஆபரேஷன் செய்யலாம். ஆனால் 1993 சட்டப்படி, ஆஸ்டியோபதிக்கென்று தனியாக இருக்கும் கவுன்சிலிலும் பதிவு செய்யாமல் தன்னை ஆஸ்டியோபாத் என்று மட்டும் சொல்லிக் கொள்ள முடியாது. சொன்னால் குற்றம்!