பழைய ஆட்டங்களின் மறுபதிப்பும் சப்ரகமுவத் தோட்டங்களும்

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் உழைப்பையும் வழிபாட்டையும் அரசியலையும் ஆராய்வர். விளையாட்டைப் பெரும்பாலும் ஆராய்வதில்லை. ஓய்வுநேரத்தில் தோன்றி அப்போதே மறையும் சிறு பொருளாகவே அது கருதப்படுகின்றது. ஆயினும் விளையாட்டு விதிகளாலானது. மொழியின் இலக்கணம் போன்று அவ்விதிகளும் தலைமுறைதோறும் கையளிக்கப்படுகின்றன. கையளித்தல் தடைப்படின் ஆட்டம் மறைகின்றது. மறைந்ததை மீட்பதற்குப் பதிவு வேண்டியதாகின்றது. இவ்வுண்மையை அண்மைக்காலக் கணினி ஆட்டங்களின் வரலாறும் சப்ரகமுவத் தோட்டங்களின் வரலாறும் இரு வேறு வகைகளிற் புலப்படுத்துகின்றன.

1974 இல் ஐக்கிய அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம் நூல்வடிவில் வெளிவந்தது. ஆடுவோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் பாத்திரமேற்று, பகடை உருட்டி, முறைவைத்து ஆடுவது அதன் இயல்பாகும். இவ்வமைப்பைக் கணினிக்குக் கொணர்ந்தவற்றுள் 1981 இல் வெளியான ‘விஸார்ட்ரி’ குறிப்பிடத்தக்கது. 1990களின் பிற்பகுதியில் இடையறாது இயங்கும் விரைவான ஆட்டங்கள் சந்தையைக் கைப்பற்றவே, நின்று சிந்தித்து ஆடும் பழைய வகையை மேலைநாட்டுப் பெரும் வெளியீட்டாளர் பலர் கைவிட்டனர். எனினும் அதனை விரும்பியோர் முற்றாக மறைந்திலர். 2012 இல், 1988 ஆம் ஆண்டின் ‘வேஸ்ட்லான்ட்’ என்னும் ஆட்டத்துக்குத் தொடர்ச்சி உருவாக்குவதற்கென 60,000 இற்கும் மேற்பட்டோர் முன்பணம் செலுத்தினர். திரண்ட தொகை 29 இலட்சம் டொலரைக் கடந்தது. 2024 இல் ‘விஸார்ட்ரி’ புதிய காட்சிகளுடன் முழுமையாக மறுபிறவி எடுத்தபோது, அதன் அடியில் இயங்கியது 1981 ஆம் ஆண்டின் மூல நிரலேயாகும்.

இம்மீட்சிக்கு இரு காரணங்கள் துணைநின்றன. விதிகள் எழுத்திலும் நிரலிலும் நிலைபெற்றிருந்தமை ஒன்று. சிறுதொகையினராயினும் விரும்பியோர் ஒருவரையொருவர் அறிந்து ஒன்றுதிரள முடிந்தமை மற்றொன்று. இவ்விரண்டும் வாய்க்காத ஆட்டங்களின் நிலை யாது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குத் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தோர் தம் தெய்வங்களோடும் கூத்துகளோடும் ஆட்டங்களையும் கொணர்ந்தனர். பல்லாங்குழியும் தாயமும் ஆடுபுலியும் அவற்றுட் சில. இவை யாவும் முறைவைத்து ஆடப்படுவன. ஆடுபுலியில் ஒருவர் புலியாகவும் மற்றவர் ஆடாகவும் நின்று வெவ்வேறு விதிகளின்படி பொருதுதலால், பாத்திரமேற்றலும் அதில் ஓரளவு அமைந்துள்ளது எனலாம். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. தரையிற் கீறிய கட்டங்களும், ஒருபுறம் தேய்த்து வெண்மையாக்கிய புளியங்கொட்டைகளும் தாயத்துக்குப் போதுமானவை. தோட்டத்துச் செக்ரோல் தொழிலாளரின் உழைப்பை நாள்தோறும் பதிந்தது. அவர்தம் ஆட்டத்தைப் பதிவதற்கு எந்த ஏடும் இருக்கவில்லை. பாட்டியின் நினைவே பேர்த்திக்கு விதிநூலாயிற்று.

சப்ரகமுவத் தோட்டங்கள் பல சிங்களக் கிராமங்களை அடுத்தே அமைந்தவை. அக்கிராமங்களில் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஆடப்பட்ட ‘ஒலிந்த கெலிய’ பல்லாங்குழியின் உடன்பிறப்பெனத் தக்கது. ஒலிந்த என்பது குன்றிமணியைக் குறிக்கும் சிங்களப் பெயர். இரு வரிசைக் குழிகளில் மணிகளை ஒவ்வொன்றாக இட்டுச்செல்லும் முறை இரண்டுக்கும் பொதுவானது. நீர்ப்பாசனப் பொறியியலாளராகிய ஹென்றி பார்க்கர் 1909 இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலிற் சிங்கள மக்களின் ஆட்டங்களை விதிகளுடன் விவரித்துள்ளார். கிராமத்து ஆட்டம் இவ்வாறு ஏடேறியது. அயலிலிருந்த தோட்டத்து ஆட்டமோ பெரும்பாலும் வாய்மொழியிலேயே வாழ்ந்தது.

வாய்மொழி வாழ்வதற்கு மக்கள் ஒருங்கு வாழ்தல் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட இம்மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமென 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974 இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 1977 ஆம் ஆண்டின் வன்செயல்களும், 1981 ஆகஸ்டில் இறக்குவானை, காவத்தை முதலிய இடங்களில் நிகழ்ந்த தாக்குதல்களும் சப்ரகமுவக் குடும்பங்கள் பலவற்றை இடம்பெயரச் செய்தன. அவற்றுட் சில வன்னியிற் குடியேறின. தலைமன்னாரிற் கப்பலேறிய மூதாட்டியோடு அவர் அறிந்த ஆட்டமும் கப்பலேறியது. எஞ்சியோரிடத்து ஆட்டப் பலகை இருந்திருக்கலாம். எதிரில் அமர்ந்து ஆடுதற்கு ஆளில்லை.

தமிழகத்தில் இவ்வாட்டங்களை மீட்கும் முயற்சி நிகழாமலில்லை. 2002 இல் வினிதா சித்தார்த்தா சென்னையில் தொடங்கிய ‘கிரீடா’ நிறுவனம் பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி முதலியவற்றை விதித்தாள்களுடன் வெளியிட்டு வருகின்றது. இம்முயற்சி போற்றத்தக்கதே. ஆனால் பல்லாங்குழியில் தொடக்கத்தில் இடும் காய்களின் தொகையும் ஆட்ட முறையும் ஊருக்கு ஊர் வேறுபடுவன. அச்சில் ஏறும் முறை நிலைபெறும். ஏறாதது நாளடைவில் தவறான ஆட்டமென்றே ஒதுக்கப்படும். கடல்கடந்து வந்து நூற்றாண்டுக்கு மேலாக வேறு மண்ணில் ஆடப்பட்ட முறையைச் சென்னையின் விதித்தாளில் தேடுதல் பொருந்தாது.

கணினி ஆட்டங்களை மீட்போர்க்குப் பதிப்புரிமை பெருந்தடையாவதுண்டு. பல்லாங்குழிக்கு உரிமையாளர் எவருமிலர், எவரும் வெளியிடலாம். அதனாலேயே அதனைக் காக்கும் கடமையும் எவர்க்கும் உரியதாகாமற் போயிற்று. சிறு சமூகமொன்றின் ஆட்டத்துக்கு முதற்பதிப்பென்பது அழகிய பலகையன்று. யார், எத்தோட்டத்தில், எத்தனை காயிட்டு, எவ்விதியால் ஆடினர் என்னும் குறிப்பேயாகும். பெலிஹுல்ஓயாவில் அமைந்த சப்ரகமுவப் பல்கலைக்கழகத்துக்கு இத்தோட்டங்கள் தொலைவிலில்லை. லயத்து முதியோர் முன் அமர்ந்து ஓர் ஆட்டம் ஆடித் தோற்று, தோற்ற முறையை எழுதிவைக்கும் மாணவர், வரலாற்றில் இதுவரை எழுதப்படாத ஏடொன்றைத் தொடங்கியவராவார்.