யாரும் கேட்காமல் பிறந்த தேர்தல்

அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல் முடிந்து இரண்டு ஆண்டு கழித்து, நவம்பரில் இன்னொரு தேர்தல் வரும். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட்டின் 100 இடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் ஓட்டுப்பதிவு நடக்கும். நம் ஊர் இடைத்தேர்தல் போல உறுப்பினர் இறந்தோ விலகியோ காலியான தொகுதிக்கு நடப்பதல்ல இது. ஆட்சி கவிழ்ந்து சபை கலைந்ததால் வருவதும் அல்ல. ஜனாதிபதியின் பதவிக்காலம் பாதியைத் தொடும்போது நாள் தவறாமல் வந்து நிற்கும். வாக்குச்சீட்டில் அவர் பெயர் இருக்காது. ஆனால் விழும் ஓட்டில் பெரும்பகுதி அவருக்கு ஆதரவாகவோ எதிராகவோதான் விழும்.

ஜனாதிபதிக்கு இப்படி நடுவில் ஒரு பரீட்சை வைக்கலாம் என்று யாரோ திட்டம் போட்டுச் செய்தது போலத் தோன்றும். நடந்தது அப்படியில்லை. 1787 கோடையில் பிலடெல்பியாவில் மூன்று பதவிகளின் காலத்தைப் பற்றித் தனித்தனியாகப் பேரம் நடந்தது. அந்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று பொருந்தியதில் பிறந்ததுதான் இந்தத் தேர்தல்.

மே 25 முதல் செப்டம்பர் 17 வரை நடந்த அந்த அரசியல் சட்ட மாநாட்டில் பேசியது வெளியே கசியக் கூடாது என்பது விதி. கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். ஜேம்ஸ் மேடிசன் எடுத்து வைத்த குறிப்புகளால்தான் உள்ளே நடந்த வாதத்தின் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஜூன் 12 அன்று, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபைக்கு மூன்று ஆண்டு என்று முடிவானது. மசாசூசெட்ஸைச் சேர்ந்த எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஒப்பவே இல்லை. ஆண்டுதோறும் தேர்தல் என்பதை எங்கள் நியூ இங்கிலாந்து மக்கள் ஒருநாளும் விட்டுத்தர மாட்டார்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்றைய மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் கீழ்ச்சபைக்கு ஆண்டுக்கு ஒரு தேர்தல்தான் வழக்கம். ஆண்டுத் தேர்தல் எங்கே முடிகிறதோ அங்கே கொடுங்கோல் தொடங்கும் என்று பழமொழி போலவே சொல்லித் திரிந்த காலம் அது. கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மனும் அதே பக்கம். உறுப்பினர்கள் ஊருக்குத் திரும்பி மக்களோடு கலந்து பழக வேண்டும், தலைநகரிலேயே தங்கிவிட்டால் அந்த ஊர்ப் புத்தி ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கவலை.

மேடிசனின் கணக்கு வேறு. ஜார்ஜியாவிலிருந்தும் நியூ ஹாம்ப்ஷயரிலிருந்தும் குதிரையிலும் கப்பலிலும் வந்து சேரவே வாரக்கணக்கில் ஆகும். அதற்குப் பிறகு அடுத்த மாநிலங்களின் நிலவரம் புரியவும் நாள் வேண்டும். ஒரே ஆண்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா? ஒன்று என்றும் மூன்று என்றும் இழுபறியாகி, ஜூன் 21 அன்று இரண்டு ஆண்டு என்று முடிந்தது.

ஐந்து நாள் கழித்து செனட்டின் முறை வந்தது. ஒன்பது ஆண்டு என்ற யோசனை தோற்று, ஆறு ஆண்டு வென்றது. எல்லாரும் ஒரே நேரத்தில் போகாமல், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினரின் காலம் முடியும் என்றும் ஏற்பாடானது. நம் மாநிலங்களவையிலும் இதே கணக்குதான். 1789 மே மாதம், அப்போது தலைநகராக இருந்த நியூயார்க்கில், முதல் செனட்டர்களை மூன்று குழுவாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கினார்கள். இரண்டு ஆண்டுச் சீட்டு விழுந்தவருக்குப் பதவி கிடைத்த சூட்டோடு மூன்றில் இரண்டு பங்கு காலம் போய்விட்டது போலத்தான். ஆறாண்டுச் சீட்டு அதிர்ஷ்டக்காரருக்கு.

மிச்சம் இருந்தது ஜனாதிபதி. கோடையின் பெரும்பகுதி அவருக்கு ஏழு ஆண்டு, மறுமுறை போட்டியில்லை என்ற யோசனையே திரும்பத் திரும்ப மேலெழுந்தது. கடைசி நேரத்தில், செப்டம்பர் 4 அன்று, முடிவாகாத விஷயங்களைப் பேச அமைத்த பதினொரு பேர் குழு நான்கு ஆண்டு என்று கொண்டுவந்தது. அந்த ஏழு நிலைத்திருந்தால், கீழ்ச்சபைத் தேர்தலும் ஜனாதிபதி தேர்தலும் 14 ஆண்டுக்கு ஒருமுறைதான் சந்தித்திருக்கும். பாதிவழி என்று சொல்ல ஒரு புள்ளியே இருந்திருக்காது.

1790இல் வந்த முதல் பாதிவழித் தேர்தலைத் தேர்தல் என்றே பலருக்கு அடையாளம் தெரிந்திருக்காது. ஒவ்வொரு மாநிலமும் தன் வசதிக்கு நாள் வைத்தது. முடிய 1791 ஆகிவிட்டது. கட்சிகளும் அப்போது முழு உருவம் பெறவில்லை.

அந்தத் தேர்தலின் பல் தெரிந்தது 1826இல். அதற்கு முன் 1824 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சன் அதிக ஓட்டு வாங்கியும் பெரும்பான்மை கிட்டவில்லை. பிரதிநிதிகள் சபை ஜான் குவின்சி ஆடம்ஸை ஜனாதிபதியாக்கியது. அவருக்குத் துணை நின்ற ஹென்றி கிளே வெளியுறவு அமைச்சரானார். பேரம் பேசிப் பதவியைப் பிடித்தார்கள் என்று ஜாக்சன் ஆட்கள் ஊர் ஊராகச் சொன்னார்கள். 1826-27 தேர்தலுக்குப் பிறகு இரண்டு சபைகளும் அவர்கள் கையில் இருந்தன. ஜனாதிபதிக்கு எதிரானவர்களிடம் நாடாளுமன்றம் முழுதாகப் போனது அதுவே முதல்முறை. 1828இல் ஆடம்ஸ் வீட்டுக்குப் போனார்.

அதன்பின் இது வாடிக்கையானது. புதிய பிரதேசங்களையும் அடிமைமுறைக்குத் திறந்துவிட்ட கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்துக்கு 1854இல் ஜனாதிபதியின் ஜனநாயகக் கட்சி 70க்கும் மேற்பட்ட இடங்களை விலையாகக் கொடுத்தது. அந்தக் கோபத்தில்தான் குடியரசுக் கட்சி பிறந்தது. 1893இன் பொருளாதார வீழ்ச்சிக்கு அடுத்த ஆண்டு, ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாண்டின் கட்சி 100க்கும் மேற்பட்ட இடங்களை இழந்தது. இதற்கிடையில் 1872இல் வந்த சட்டம், கீழ்ச்சபைத் தேர்தலையும் நவம்பர் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய்க்குக் கொண்டுவந்தது. 1913இல் செனட்டர்களையும் மக்களே தேர்ந்தெடுக்கும் திருத்தம் வந்தது. சிதறிக் கிடந்த கோபம் ஒரே நாளில், ஒரே சீட்டில் விழத் தொடங்கியது இப்படித்தான்.

கடந்த நூறு ஆண்டில் ஜனாதிபதியின் கட்சி இந்தத் தேர்தலில் கீழ்ச்சபை இடங்களைக் கூட்டிக்கொண்டது மூன்றே முறை: 1934, 1998, 2002. மற்றபடி இழப்புதான். 1994இல் 54, 2010இல் 63. காரணம் பெரிய ரகசியமில்லை. ஜனாதிபதியின் பெயருக்காக ஓட்டுப் போட்டவர்களில் பலர் அந்தப் பெயர் இல்லாத நாளில் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். எரிச்சலில் இருப்பவர் மட்டும் தவறாமல் வருவார். சபை கைமாறினால் நிதி ஒதுக்கீடு, விசாரணை, பதவிநீக்கக் குற்றச்சாட்டு எல்லாம் எதிர்க்கட்சியிடம் போய்விடும். 2014இல் செனட் கைமாறியதால்தான், 2016இல் ஜனாதிபதி ஒபாமா உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்த மெரிக் கார்லண்டின் பெயர் விசாரணைக்குக்கூட எடுக்கப்படாமல் போனது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 1966 ஜனவரியில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் ஒரு திருத்தம் கேட்டார். கீழ்ச்சபைக்கும் நான்கு ஆண்டு, ஜனாதிபதியோடு சேர்த்தே தேர்தல். எப்போதும் பிரசாரத்திலேயே கிடக்கும் உறுப்பினர் வேலை எப்போது பார்ப்பார் என்று அவர் கேட்டதில் நியாயம் உண்டு. இரண்டு சபைகளும் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அவர் கட்சி 47 இடங்களை இழந்தது.

நாடாளுமன்ற முறையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் உண்டு. ஜனாதிபதியை அப்படி இறக்க முடியாத நாட்டில், பதவிக்காலத்துக்கு நடுவில் மக்கள் கையில் இருக்கும் ஒரே கடிவாளம் இதுதான். ஆனால் 2014இல் ஓட்டுப் போடத் தகுதியுள்ளோரில் ஏறக்குறைய 36 சதவீதம் பேர்தான் போட்டார்கள். ஒரு நூற்றாண்டில் மிக அதிகம் என்று பேசப்பட்ட 2018இலும் அது பாதியளவுதான். யாரும் கேட்காமல் கிடைத்த இந்த உரிமையைப் பாதிப் பேர் எடுத்துப் பார்ப்பதே இல்லை. இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை அதுதான்.