ஒரு கடிக்கு ஓரணா

விஞ்ஞானக் கண்டுபிடிப்புக்குரிய பரிசு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர், ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளி. 1897 ஆகஸ்டில் செக்கந்தராபாத்தில், இராணுவ மருத்துவர் ரொனால்ட் றொஸின் ஆய்வுக்காக நுளம்புகளுக்குத் தம் குருதியைக் கொடுத்தவர். ஒரு கடிக்கு ஓரணா கூலி.

அந்த நுளம்பொன்றின் இரைப்பைச் சுவரிலேயே ஆகஸ்ட் 20ஆம் திகதி மலேரியாக் கிருமியின் வளர்நிலையை றொஸ் கண்டார். 1902இல் நோபல் பரிசு பெற்றும் அவர் மனம் ஆறவில்லை. பெரியம்மைத் தடுப்புமுறையைத் தந்த எட்வேர்ட் ஜென்னருக்கு 1802இலும் 1807இலுமாகப் பிரித்தானிய நாடாளுமன்றம் 30,000 பவுண் வழங்கியதைச் சுட்டி, தமக்கும் கேட்டார், கிடைக்கவில்லை.

அதைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். 1934-35இல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன நோய் அது. 2016இல் இந்நாடு மலேரியா அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நுளம்பே நோய்காவி என்று அறிந்திராவிடில் அந்த நாள் வந்திராது. அதற்கு எத்தனை பவுண் ஈடாகும்?

ஆனால் ஹுசேன் கானின் கணக்கு சில அணாக்களோடு முடிந்தது. கூலியோடு அவர் பெயரையும் றொஸ் குறித்துவைத்தார். அதனாலேயே அவரை நாம் அறிகிறோம். பெயர் எழுதப்படாமற்போன நோயாளிகள் எத்தனை பேரோ!