பைத்தான் செயலிகளைப் பொதியாக்குதல்

பைத்தானில் எழுதிய மேசைக்கணினிச் செயலியை, பைத்தான் இல்லாத கணினியிலும் ஓடும்படி கட்டித் தருவதே பொதியாக்கம். நிரலோடு அதை இயக்கும் இன்டர்பிரிட்டர், நூலகங்கள், எழுத்துருக்கள் எல்லாம் ஒரே பொதிக்குள் அடங்கும். பாகாயத்தில் ரசீது போடுபவரிடமோ, ஆம்பூரில் தோலின் சதுர அடிக் கணக்கு எழுதுபவரிடமோ "முதலில் பைத்தானை நிறுவுங்கள்" என்று சொல்வது முறையல்ல. ஐகானைச் சொடுக்கினால் செயலி திறக்க வேண்டும்.

இதற்கு நல்ல இந்திய உதாரணம், மின்னூல்களைப் பராமரிக்கும் கலிபர். சோனியின் பிஆர்எஸ்-500 மின்னூல் கருவியை லினக்ஸில் பயன்படுத்துவதற்காக கோவித் கோயல் 2006இல் தொடங்கியது இது. பெரும்பகுதி பைத்தான், முகப்பு க்யூடி. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் தனக்கான பைத்தானைத் தானே சுமந்து வருகிறது. கணினியில் ஏற்கெனவே உள்ள பைத்தானைத் தொடுவதில்லை. 2020 செப்டம்பரில் 5.0 பதிப்பு பைத்தான் 2இலிருந்து 3க்கு மாறியபோது, வாசகர்கள் வழக்கம்போல் புதிய பதிப்பை நிறுவினார்கள், அவ்வளவுதான். பிறர் எழுதிய செருகுநிரல்களைத்தான் திருத்த வேண்டியிருந்தது.

சிறு செயலிகளுக்குப் பலரும் நாடுவது பைஇன்ஸ்டாலர். சிஎக்ஸ்_ஃப்ரீஸ், நியூய்ட்கா, பிரீஃப்கேஸ் ஆகியவையும் உண்டு. பைஇன்ஸ்டாலர் நிரலின் இம்போர்ட் வரிகளைப் பின்தொடர்ந்து தேவையானதைச் சேகரிக்கும். ஓடும்போது மட்டுமே பெயர் தெரியவரும் நூலகம் அதன் கண்ணில் படாது, நாம்தான் எழுதித் தர வேண்டும். விண்டோஸுக்கான பொதியை விண்டோஸில்தான் கட்ட வேண்டும்.

ஒற்றைக் கோப்பாகக் கட்டினால் பென்டிரைவில் கொடுக்க வசதி. ஆனால் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது தன்னை ஒரு தற்காலிக ஃபோல்டரில் பிரித்து வைத்துக்கொண்ட பிறகே ஓடுகிறது. முறையாக மூடினால் அந்த ஃபோல்டர் அழியும். நடுவில் கரண்ட் போனால் அப்படியே தங்கி, நாளடைவில் வட்டை அடைக்கும். வைரஸ் என்று ஆன்டிவைரஸ் தவறாகத் தடுப்பதும் உண்டு. பழைய கணினிகள் உள்ள அலுவலகத்துக்கு ஃபோல்டராகக் கட்டி, ஒரு நிறுவியோடு தருவதே நல்லது: சீக்கிரம் திறக்கும், பிழை வந்தால் எந்தக் கோப்பு விடுபட்டது என்று பார்க்கவும் எளிது.

பொதிக்குள் எல்லாம் வந்தாலும் இயங்குதளம் வராது. பைத்தான் 3.9 முதல் விண்டோஸ் 7இல் இயங்காது. ஆகவே அதைக் கொண்டு கட்டிய பொதியும் அங்கே திறக்காது. 3.8ஐ வைத்துக் கட்டலாம், ஆனால் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன.