சூரியனை அளக்க மலையேறியவர்கள்

சூரியனின் வெப்பத்தை அளந்தவர்களில் எனக்குத் தனிப் பிரியம் சார்லஸ் கிரீலி ஆபட் மேல்தான். நான் இயற்பியல் நடத்திய பாடப்புத்தகங்களில் 'சூரிய மாறிலி' இருந்தது, அவர் பெயர் இல்லை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காரர். 101 வயது வாழ்ந்து, அதில் பெரும்பகுதியை அந்த ஒரே எண்ணைத் துரத்துவதில் கழித்தார். காற்று மண்டலத்துக்கு வெளியே, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நிமிடத்துக்கு எத்தனை கலோரி விழுகிறது?

1838இல் பிரான்சின் பூயே 1.76 என்றார். 1881இல் அமெரிக்காவின் லாங்லி, கலிஃபோர்னியாவின் விட்னி மலைக்குக் கருவிகளை ஏற்றிக்கொண்டு போய் 3 என்றார். இன்றைய கணக்கு ஏறக்குறைய 1.95. நடுவில் நின்று குழப்பியது காற்று. அதனால் ஆபட், வானம் தெளிந்த வறண்ட உயரங்களாகத் தேடினார்: சிலியின் பாலைவனத்தில் காலாமா, பிறகு மான்டெசூமா, 1926இல் தென்மேற்கு ஆப்பிரிக்காவின் புருக்காரோஸ், அதன்பின் சினாயில் புனித கேத்தரின் மலை. ஆளரவமற்ற அந்த இடங்களில் அவருடைய ஆட்கள் நாள் தவறாமல் அளந்தார்கள். சூரியனின் வெப்பம் ஏறி இறங்குகிறது, அதைக்கொண்டு மழையையே முன்கூட்டிச் சொல்லலாம் என்பது அவர் நம்பிக்கை. அவர் கண்ட ஏற்ற இறக்கங்களில் பெரும்பகுதி காற்றின் வேலை.

ஆபட் 1973இல் காலமானார். ஐந்தே ஆண்டுகளில், 1978இல், நிம்பஸ்-7 செயற்கைக்கோள் காற்றைத் தாண்டி அளக்கத் தொடங்கியது. 1980இல் ஏவப்பட்ட சோலார் மேக்ஸ், பெரிய கரும்புள்ளிக் கூட்டம் நம் பக்கம் திரும்பும்போது ஒளி சில நாள்களுக்கு 0.2 சதவீதம் வரை குறைவதைக் காட்டியது. மாறுகிறது என்ற மட்டில் கிழவர் ஜெயித்தார்! ஆனால் புள்ளிகள் மலிந்த ஆண்டுகளில்தான் சூரியன் மொத்தத்தில் 0.1 சதவீதம் கூடுதலாக ஒளிர்கிறது. புள்ளிகளோடு கூடவே தோன்றும் வெண்திட்டுகள், புள்ளிகள் குறைப்பதை ஈடுகட்டி மேலும் தருகின்றன.

இத்தனை அளவும் ஒரே பக்கவாட்டிலிருந்து எடுத்தவை. பூமியின் பாதைக்குச் சூரியனின் நடுக்கோடு 7.25 பாகைதான் சாய்ந்திருக்கிறது, ஆகவே நாம் எப்போதும் அதன் இடுப்பையே பார்க்கிறோம். புள்ளிகள் பெரும்பாலும் அந்த இடுப்பின் இருபுறமும் முப்பது பாகைக்குள் அடங்குபவை. துருவத்தின் மேலிருந்து பார்ப்பவருக்கு அவை விளிம்பில் ஒடுங்கித் தெரியும். வெண்திட்டுகளோ விளிம்பில்தான் பளிச்சிடும். ஆகவே அவர் அளக்கும் மாற்றம் நம்முடையது போல் இருக்காது. சூரியனைப் போன்ற சில விண்மீன்கள் சூரியனைவிட அதிகம் ஏறி இறங்குவதற்கு நம் பார்வைக் கோணம் காரணமா என்ற கேள்வி இதிலிருந்து பிறந்தது. கோணம் மட்டும் போதாது என்கின்றன கணக்குகள்.

கணக்கு போதாது, போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. 2011 பிப்ரவரியில் இரண்டு ஸ்டீரியோ விண்கலங்கள் எதிரெதிர்ப் பக்கம் நின்று சூரியனை முழுதாகக் காட்டின, ஆனால் அவையும் பூமியின் பாதைத் தளத்திலேயே நின்றவை. 2020இல் கிளம்பிய ஐரோப்பாவின் சோலார் ஆர்பிட்டர், வெள்ளிக் கோளின் ஈர்ப்பைப் பிடித்து அந்தத் தளத்தைவிட்டு விலகுகிறது. 2025 மார்ச்சில் நடுக்கோட்டுக்கு 17 பாகை கீழே இறங்கித் தென் துருவத்தைப் படமெடுத்தது. மொத்த வெப்பத்தை அளக்கும் கருவி அதில் இல்லை. ஆகவே புள்ளிகளும் வெண்திட்டுகளும் பதியும் மேற்பரப்பின் காந்தப்புலப் படங்களிலிருந்து ஒளியின் அளவைக் கணக்கிட வேண்டும். 2029இல் அதன் பாதை 33 பாகை வரை சாயும்.